தோளுக்கு ஓ.டி. பார்த்தேன்!

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதக் காலையில், ஒரகடத்துக்குச் சற்று முன்னால் எங்கள் கம்பெனி பஸ்ஸுக்குள் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குப் படபடவென்று வருகிறது!

பிள்ளைப்பாக்கத்தில் ஏறுகிற எனக்கு என்றைக்குமே உட்கார இடம் கிடைத்ததில்லை. அன்றைக்கும் மேல்கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தேன். குறுக்கே ஒரு டிரெய்லர் லாரி திரும்ப, எங்கள் டிரைவர் போட்டாரே ஒரு பிரேக்! என் உடம்பு முன்னால் போய்விட்டது. கை மட்டும் கம்பியிலேயே நின்றுவிட்டது. தோளில் 'கடக்' என்று ஒரு சத்தம். பார்த்தால், உருண்டையாக இருக்க வேண்டிய தோள்பட்டை சப்பையாக இறங்கிக் கிடக்கிறது. உயிரே போகிற வலி.

ஊரில் கபடி ஆடுகிற மதுரைக்காரர் ஒருவர், "ஒரே இழுப்புதான்க்கா, உள்ள போயிரும்" என்று கையைப் பிடிக்க வந்தார். "கிட்ட வந்தே, அவ்ளோதான்!" என்று நான் போட்ட கூச்சலில் மனுஷன் இரண்டு சீட் பின்னால் போய்விட்டார். அப்படி இழுத்திருந்தால் நரம்பு கெட்டுப்போயிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் பிறகு சொன்னார். எக்ஸ்ரே எடுத்து, மயக்க ஊசி போட்டு மூட்டை உள்ளே தள்ளி, கையைக் கழுத்திலிருந்து தொட்டிலாகத் தொங்கக் கட்டி, மூன்று வாரம் ஆட்டக் கூடாது என்று அனுப்பினார்கள்.

அடுத்து பிசியோதெரபி. படப்பையில் ஒரு மேடம். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் பேச்சில் கறார். "சின்னத் தட்டு மேல பெரிய எலுமிச்சம்பழத்த நிக்க வெச்ச மாதிரிதாங்க தோள் மூட்டு. அதனாலதான் கை எல்லாப் பக்கமும் சுத்துது, அதனாலதான் சட்டுனு கழண்டும் போவுது. பழத்த விழாம புடிச்சிக்கினு இருக்கிறது சுத்தி இருக்கிற தசையும் நாரும்தான். உங்களுக்கு அதுங்க இழுபட்டுப்போச்சு. பொறுமையா தேத்தணும்."

பொறுமையா? எனக்கா? எங்கள் ஃபேக்டரியில் கார் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு வரும். கீழே நின்று, இறுக்கியது போதும் என்றதும் 'டிக்' என்று சத்தம் போடுகிற கன்னைத் தூக்கிப் பிடித்து, அடிப்பக்கத்து போல்ட்டுகளை முடுக்க வேண்டும். அந்த லைனில் நின்ற முதல் பொம்பளை நான். "உன்னால முடியாதும்மா" என்று சிரித்த சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு வாங்கிய இடம் அது. நான்கு மாதத்தில் கம்பெனி டாக்டர் முன்னால் கையை முழுசாகத் தூக்கிக் காட்டாவிட்டால், பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேடம் கொடுத்த பயிற்சி லேசானது. சுவரில் விரல்களை நடக்கவிட்டு, வலி ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு இரண்டு வேளை. நான் விரல் எட்டுகிற உயரத்தில் தினமும் பென்சிலால் கோடு போட்டேன். அதோடு விட்டேனா? ஃபேக்டரி போர்டு மாதிரி பக்கத்திலேயே டார்கெட், ஆக்சுவல் என்று கட்டம் வேறு. படப்பை ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாமே இது, வூட்டுச் சுவரா, கம்பெனி போர்டா?"

கோடு ஏற ஏற எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து முறை என்பது முப்பதானது. இரண்டு வேளை ஐந்து வேளையானது. வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரல், இன்னும் ஒரு விரல். லைனில் டார்கெட் முடிக்காவிட்டால் ஷிஃப்ட் முடிந்தும் நின்று ஓ.டி. பார்ப்பதில்லையா? தோளுக்கும் ஓ.டி. பார்த்தேன்!

பயிற்சி தொடங்கி ஏழாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை. பல் தேய்க்கக் கையைத் தூக்கினால் வரவில்லை. தோள் நெருப்பாகக் கொதிக்கிறது. ஓடிப்போய்ச் சுவரில் விரலை வைத்தேன். நெஞ்சு உயரத்தைத் தாண்டவில்லை, முதல் வாரக் கோட்டுக்கும் கீழே! எட்டிய இடத்தில் கோட்டைப் போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வீட்டுக்காரர் சவாரியை விட்டுவிட்டு, என்னை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனார்.

மேடம் தோளைத் தொட்டுப் பார்த்தார், கேள்வி கேட்டார். நான் முப்பது, ஐந்து வேளை என்று ஒப்பித்தேன். திட்டுவார் என்று பார்த்தால், "உங்க லைன்ல கன் டிக்குனு சத்தம் போட்டப்புறமும் போல்ட்ட முடுக்கினே இருந்தா இன்னா ஆகும்?" என்றார்.

"மரை போயிடும் மேடம்" என்றேன் பட்டென்று.

சொன்ன வாயை மூட முடியவில்லை. புதிதாக லைனுக்கு வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து நான் கத்துகிற கத்து அதுதானே. டிக் சத்தம் வந்தால் கையை எடு, எடு! வெட்கத்தில் எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"வலி வருதே, அதான் டிக்கு" என்றார் மேடம்.

ஒரு வாரம் ஓய்வு, ஐஸ் ஒத்தடம். பிறகு மறுபடி முதலிலிருந்து. சுவர், அப்புறம் ரப்பர் பட்டையை இழுப்பது, முதுகில் இரண்டு பக்கத் தோள்பட்டை எலும்பையும் சேர்த்துப் பிடிப்பது. பத்து என்றால் பத்துதான். பதினொன்றாவதற்குக் கை துறுதுறுக்கும். "டிக்கு!" என்று வீட்டுக்காரர் குரல் கொடுப்பார்.

சோதனை நாள் வந்தது. கம்பெனி டாக்டர் கன்னைக் கையில் கொடுத்தார். சூப்பர்வைசர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கினேன். நெஞ்சு, முகம், நெற்றி, தலை... நேராக மேலே! ஆடவில்லை, வலிக்கவில்லை! "இன்னும் கொஞ்ச நேரம் புடிக்க முடியுமா?" என்று டாக்டர் கேட்டார். பழைய ஆளாக இருந்தால் சாயங்காலம் வரை பிடித்திருப்பேன். தோளில் லேசாக முணுக்கென்று ஒரு வலி வந்ததும் இறக்கிவிட்டேன். "போதும் சார், டிக் சத்தம் வந்துடுச்சி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சூப்பர்வைசருக்குப் புரிந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளே என் லைனில் நின்றேன்.

பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தபோது அந்தச் சுவரை மட்டும் விடச் சொல்லிவிட்டேன். கோடுகளெல்லாம் மேலே மேலே ஏறிப்போக, அந்தத் திங்கட்கிழமைக் கோடு மட்டும் நெஞ்சு உயரத்தில் தனியாக நிற்கிறது. அவசரம் தலைக்கேறுகிற நாட்களில், அந்தக் கோட்டின் மேல் ஒரு தடவை விரலை வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.