பதினாறாம் எண் படம்

மலாக்கா, காஜா பேராங். சுதந்திரத்துக்கு இன்னும் சில வாரங்கள். சீமைக்குக் கப்பலேறப்போகும் துரை, தான் சேர்த்த ஓவியங்களைத் தன் பங்களா கூடத்திலேயே ஏலம் விடுகிறார். பஸ் வர நேரமிருப்பதால் நானும் வந்து நிற்கிறேன்.

ஜெருசலேம் குன்று, பாரிஸ் தெரு எல்லாம் வரைந்தவர் பெயரோடு விலைபோகின்றன. பதினாறாவது படத்தில் கெபாயா என்னும் மலாய்ச் சட்டை அணிந்த ஒரு பெண். "பெயர் தெரியாத உள்ளூர்ப் பெண்" என்கிறார் ஏலக்காரர்.

என் பக்கத்தில், மலாய் பேசும் பழைய தமிழர் குடியிருப்பான கம்போங் செட்டியைச் சேர்ந்த ஓர் அம்மாள் ஏதோ சொல்லக் கையைத் தூக்குகிறார். அவர் ஏலம் கேட்பதாக நினைத்து ஏலக்காரர் விலையை ஏற்றுகிறார். முன்வரிசை வெள்ளைக்காரர் அதற்கும் மேலே கேட்கிறார். அம்மாள் மறுபடி கை தூக்க, விலை மறுபடி ஏறுகிறது.

"படத்துல யாருங்க?" என்கிறேன்.

"எமாக். என் அம்மா," என்கிறார், மலாயும் தமிழுமாக. "பேரு நாகம்மா. இந்த வீட்டுலதான் சமையல், சாகுற வரைக்கும்." துரையைக் காட்டுகிறார். "துவானுக்கு நல்லா தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "அந்தம்மா பேர் நாகம்மா" என்று உரக்கச் சொல்கிறேன். சுத்தியல் விழுகிறது. படம் வெள்ளைக்காரருக்கு.

துரை எழுந்து நின்று, வாங்கியவரின் பெயரை முழுசாகச் சொல்லி, விற்பனை ரசீதில் எழுத வைக்கிறார்.