தட்டு தெரிந்த குட்டை

அந்தக் கட்டுமானத் தளத்தில் அவரை எல்லோரும் வண்டல் என்றுதான் கூப்பிடுவார்கள். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் வண்டல் அண்ணே என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

ஒரு குன்றையே சுரண்டி அங்கே வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். புல்பூண்டு இல்லாத அந்த மண்ணில் மழை விழுந்தால், தண்ணீர் மண்ணையும் வாரிச் சுருட்டிக்கொண்டு கீழே ஓடிவரும். அதை அப்படியே ஆற்றில் விட்டால் அரசாங்கம் வேலையை நிறுத்திவிடும். அதனால் அடிவாரத்தில் ஒரு பெரிய குட்டை வெட்டி, வருகிற தண்ணீரைத் தேக்கி, மண் அடியில் தங்கிய பிறகு மேல்தண்ணீரை மட்டும் மிதவைக் குழாய் வழியாக வெளியே அனுப்புவார்கள். அந்தக் குட்டைதான் வண்டல் அண்ணனின் பொறுப்பு. வெயில் காலத்தில் இப்படி ஒருத்தர் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. வானம் கறுத்துவிட்டால் போதும், மேனேஜர் முதற்கொண்டு எல்லோரும் அவரைத்தான் தேடுவார்கள்.

மழை வந்தால் உலகமே வீட்டுக்குள் ஓடும். இவர் வெளியே ஓடவேண்டும். அந்த மாதங்களில் லீவு என்று வாயைத் திறக்க முடியாது. மனைவி தொலைவில் இன்னோர் ஊரில் தையல் கடை வைத்திருந்தாள். தளத்துத் தகரக் கொட்டகையில் ஆண்கள் படுக்கவே இடம் போதாது, குடும்பத்தை எங்கே கொண்டுவந்து வைப்பது? மகள் பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். ஒரு மழைக்குக்கூட அவர் வீட்டில் இருந்ததில்லை. அங்கே மழை பிடித்தால் மகள் போன் போடுவாள். பேசமாட்டாள். போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்து, மழையைக் கேட்கவைப்பாள். இவர் குட்டைக்கரையில் நின்று கேட்பார்.

விட்டுத் தொலைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்டவர்கள் உண்டு. இந்த வேலைக்கு உரிமம் வேண்டும். ஓர் உரிமத்துக்கு ஒரு குட்டைதான். இதை முறைப்படி மூடினால்தான் அவர் பெயரை வேறு தளத்தில் பதியலாம். இப்போது மனைவி இருக்கிற ஊரிலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் தோண்டத் தொடங்கியிருந்தார்கள். மழைக்கு முன்னால் வந்தால் வேலை உங்களுக்குத்தான் என்று சொல்லியும் விட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் மனிதர் மகளிடம், "இந்த மழைக்கு அப்பா வீட்டுல இருப்பேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

குட்டையை மூடுவதற்கு ஒரு நிபந்தனை. சரிவுகளில் புல் பிடித்து, இறங்கிவரும் தண்ணீர் தெளிவாக இருக்கவேண்டும். அதிகாரி வந்து, கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டைக் குட்டையில் இறக்குவார். அடியில் போய்க் கிடந்த பிறகும் தட்டு கண்ணுக்குத் தெரிந்தால் மூடிக்கொள்ளலாம்.

வண்டல் அண்ணன் பேய் பிடித்தவர் போல வேலை செய்தார். சரிவில் விதை தூவி வைக்கோல் பரப்பினார். மண் அரித்த இடத்திலெல்லாம் கல் அடுக்கினார். கலங்கல் சீக்கிரம் அடியில் படிவதற்குப் படிகாரத்தைக் கரைத்துக் கரைத்து விட்டார். கரையைச் சுற்றியும் புல் பதித்தார்.

பொக்லைன் ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்திவிட்டு, "என்ன அண்ணே, குட்டைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்களா? இந்த ஜோடனை பண்றீங்க" என்று சீண்டினார்.

"மூடறதுக்குத்தான்டா இவ்வளவும்."

தட்டு தெரிந்தது. அதிகாரி கைகொடுத்துவிட்டுப் போனார். எங்கிருந்தோ ஒரு ஜோடிக் கொக்கு வேறு வந்து கரையில் நின்றது. அதுதான் வினையாகப் போயிற்று.

வீடு வாங்க வந்த ஒரு குடும்பத்தை முதலாளியே அழைத்துக்கொண்டு கீழே வந்தார். அந்த அம்மாள் குட்டையைப் பார்த்து, "ஏரி இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றாள். அதுவரை அந்தப் பக்கம் எட்டியே பார்த்திராத முதலாளி, அன்றைக்குத்தான் குட்டையைக் கண்கொண்டு பார்த்தார். மறுநாள் மேனேஜர் வண்டல் அண்ணனை ஆபீஸுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார். அங்கே டீ கொடுத்தால் ஏதோ விவகாரம் என்று அர்த்தம்.

"அண்ணே, நல்ல சேதி. குட்டையை மூடல. ஏரியாகவே வெச்சுக்கப்போறோம். உங்க வேலை நிரந்தரம்."

"சார், அதிகாரி மூடலாம்னு சொல்லிட்டாரே."

"மூடலாம்னாரு. மூடியே ஆகணும்னு சொல்லலையே. குட்டை இருக்கிற வரைக்கும் அதுல உங்க பேரும் இருக்கும்."

"வேற ஆளைப் போட்டுக்குங்க சார். எம்பொண்ணுகிட்ட வரேன்னு சொல்லியிருக்கேன்."

"உரிமம் உள்ள ஆள் கிடைச்சா இன்னிக்கே அனுப்பிடறேன். எங்க கிடைக்குறான்? ஆளாளுக்கு ஒரு குட்டையில மாட்டிக்கிட்டு இருக்கான். அதுவுமில்லாம, இவ்வளவு அழகாக்குனது யாரு? நீங்கதானே அண்ணே."

டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார். வெளியே வந்தால், நிரந்தரமாகிவிட்டாராம், விருந்து எப்போது என்று ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டார்கள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவருக்கு அப்படி வலித்திருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் சில குடும்பங்கள் ஏரி பார்க்க வருவதாக ஏற்பாடு. காலையிலேயே அவர் சட்டையையும் போனையும் கரையில் வைத்துவிட்டு, பேண்டைச் சுருட்டிக்கொண்டு குட்டையில் இறங்கினார். இந்தக் கோலமா ஏரி என்று வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடட்டும். காலால் உழக்கினார். மண்வெட்டியால் அடியைக் கிளறினார். தண்ணீர் நன்றாகக் கலங்கியது. வயிற்றெரிச்சல் தீர்ந்த மாதிரி இருந்தது. கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார்.

வந்து பார்த்தால் குட்டை பழையபடி தெளிந்து கிடந்தது. அவர் போட்ட படிகாரம் அப்படி வேலை செய்திருந்தது. அடியில் அவருடைய கால்தடங்கள்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஆத்திரம் தாங்காமல் மறுபடியும் இறங்கி மிதிமிதியென்று மிதித்துக்கொண்டிருந்தபோது, மேனேஜர் விருந்தாளிகளோடு கரைக்கு வந்து சேர்ந்தார்.

"பாத்தீங்களா, லீவு நாள்லயும் இறங்கி சுத்தம் பண்றாரு. இவரு இருக்கிற வரைக்கும் இந்தத் தண்ணியைப் பத்தி நீங்க கவலையே பட வேண்டாம்."

கரையில் இருந்த போன் அடித்தது. "எடுங்க அண்ணே" என்று மேனேஜரே எடுத்துக் கையில் கொடுத்தார்.

மறுமுனையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு மகளின் குரல் வந்தது.

"கேட்டுச்சாப்பா? மழை வந்துடுச்சு. நீங்க எப்ப வர்றீங்க?"

அவர் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். குனிந்து பார்த்தார். சுற்றிலும் மண் அடங்கி, அவருடைய இரண்டு பாதங்களும் தெளிவாகத் தெரியத் தொடங்கியிருந்தன.

"இன்னும் கொஞ்ச நேரம் வெளிய நீட்டிப் புடிம்மா" என்றார்.