மூன்று ஒட்டுப் போட்ட துப்பாக்கி

"...மாமியார் வீட்டுல குழந்தையே இருந்ததில்லையாம்ணே. அப்ப மத்தியானம் மாடியில இருமுறது யாரு?"

மன்னார்புரத்தில் ஒரு மரக்கடை வாசலில் வார்னிஷ் வாசனை அடித்ததும், பாக்கியம் அத்தையின் இந்தக் கேள்வி மறுபடி காதில் விழுந்தது. அன்று எங்கள் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து அப்பாவிடம் கேட்டது. இருமல் கேட்கிறது என்று சொன்னதற்காக, வையம்பட்டி மாமியார் வீட்டில் அத்தையைப் பைத்தியம் என்று முடிவுகட்டி, வீட்டைவிட்டு அனுப்பப் பார்த்தார்கள். சாட்சிக்கென்று, அந்த மாடியில் கிடந்த பழைய துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

அப்பா மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க, பழைய வார்னிஷ் வாசனை கூடமெல்லாம் பரவியது.

"குழல் சீமைச் சரக்கு. தோள்ல வைக்கிற கட்டை நம்மூர் வேங்கை மரம். முதல்ல சின்னப்பிள்ளை தோளுக்குன்னு குட்டையா அறுத்திருக்காங்க. பிள்ளை வளர வளரத் துண்டு ஒட்டியிருக்காங்க. பாரு, மூணு ஒட்டு. அதோட நின்னுபோச்சு. பெரியவங்க தோளுக்கு இது எட்டாது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்காங்கம்மா."

"நாலாவது ஏன் ஒட்டலை?" என்றாள் அம்மா.

'நான் பைத்தியமில்லை, பாத்தீங்களா' என்று அத்தை குதிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் துப்பாக்கியை வாங்கி மடியில் படுக்கவைத்து, மெல்லத் தட்டிக்கொடுக்கத் தொடங்கினார்.