உருகாத காசு

இப்ப 1995. போன ஞாயிறு என் தம்பிக்குப் பொன்னுருக்கல். தாலி செய்ய முதல் பொன்னை உருக்கிற சடங்கு. பவுன் உருகியது. ஆனால் என்ர பவுன் இல்லை. கனகுவின்ர பவுன்.

கனகு என் மனிசியின் தம்பி. எனக்குப் பிறகு இத்தாலிக்கு, பலேர்மோவுக்கு வந்தவன். எனக்கு முதல் கார் வாங்கினவன். அவனுக்கு ஒரு பணக்காரச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் நிழல் வேலை. எனக்கு சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் தோடம்பழம் பிடுங்கிற வேலை. பொறாமையா? ஓம். உங்களுக்கு ஒளிச்சு என்ன செய்ய?

அவன்ர கலியாணத்துக்கு ஊரிலிருந்து வந்த பவுனை உருக்கினவை. சனம் ஒரு வருசம் அதையே கதைச்சது. இந்த முறை என்ர தங்கக் காசைக் கதைக்க வேணும்...

தோட்டத்துக் கிழட்டு முதலாளி தந்த காசு. அவரின் பாட்டன் காலத்தது – போன நூற்றாண்டு, 1870. மஞ்சள். நல்ல பாரம். கனகுவுக்கு மூன்று தரம் காட்டினேன்.

"பாத்திட்டன், அத்தான்."

"வடிவாப் பார்."

வியா மக்வேதா தெருவுக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு சிசிலிக்கார நகைக்காரர். அவரின் பட்டறையிலேயே பிள்ளையார் வைத்துத் தேங்காய் உடைத்தோம். தண்ணி அவர் சப்பாத்தில். மனுசன் ஒரு துணியால் துடைத்தார். காசைக் கையில் தூக்கிப் பார்த்தார். தலையாட்டினார். நெருப்பைப் பிடித்தார்.

மஞ்சள் கலைந்தது. உள்ளே வெள்ளை!

காசு சிவந்தது. உருகவில்லை. இன்னும் பிடித்தார்... உருகவில்லை.

பெண்ணின் தகப்பன் எழும்பிவிட்டார். "பொன் உருகேல்லையெண்டால் சகுனம் சரியில்லை. இந்தக் கலியாணத்தை யோசிக்க வேணும்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன்.

நகைக்காரர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பிளாத்தினோ!"

அவர் சொன்னதைத் தமிழில் சொன்னதும் கனகுதான். அதுவும் அவனா? போன நூற்றாண்டில் பிளாட்டினம் தங்கத்தை விட மலிவாம். பாரத்தில் மட்டும் குறைவில்லையாம். கள்ளர் அதில் காசு அடித்து, மேலே பொன் பூசித் தங்கமென்று தள்ளிவிடுவார்களாம். இந்த நெருப்புக்கு அது உருகாதாம்.

"அப்ப கள்ளக்காசோ?" – பெண்ணின் தகப்பன்.

"ஓம், ஐயா," என்றான் கனகு. "ஆனால் இண்டைக்குத் தங்கத்தை விட விலையாம்."

"விலையை விடும். தாலிக்குப் பொன் எங்கை?"

நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான். கனகு பொக்கெற்றுக்குள் கையை விட்டான். ஒரு பவுன். தன் மகளுக்கென்று வைத்திருந்தது.

"எதுக்கும் இருக்கட்டுமெண்டு கொண்டந்தனான், அத்தான்."

வைத்தவுடன் உருகியது. பெண்ணின் தகப்பன் திரும்ப இருந்தார். தம்பி மூச்சு விட்டான்.

"வேறை பவுன் வாங்கித் தாறன்," என்றேன்.

"விடுங்கோ அத்தான். அவன் எனக்கும் தம்பிதானே."

இதுக்கு அவன் எனக்கு ஒரு அறை விட்டிருக்கலாம்.

நூறு வருசத்தில் மலிஞ்சது ஏறிவிட்டது. சரி. விலை ஏறினால் ஆள் ஏறுமா? அலுமாரிக்குள் அவனுடையதை விட விலையான காசு கிடக்கிறது. மணவறையில் சனம் பார்க்கப்போவது அவன்ர பொன்னை.

நேற்றுக் கனகு வந்து, அந்த வெள்ளைக் காசை இன்னொருக்கால் பார்க்கக் கேட்டான். காட்டவில்லை. நல்ல காசு அத்தான் என்று மனசாரச் சொல்லிப்போடுவான்!