ஒரு நாள் சொந்தக்காரர்கள்

பெரிய துபாஷி காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று செய்தி வந்தபோது நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். குதித்தேன். பழவேற்காட்டுக் கோட்டையில் ஆறு வருஷமாக இரண்டாம் துபாஷி என்ற பெயரோடு படகுத்துறையில் நின்று, மூட்டை தூக்குகிறவர்களுக்கும் ஒல்லாந்த மாலுமிகளுக்கும் நடுவே வசவுகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவன் நான். இரண்டு பக்கத்து வசவும் எனக்கு அத்துப்படி. ஆனால் சபை கூடும் மண்டபத்துக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. இப்போது திங்கட்கிழமை சபைக்கு நான்தான் போக வேண்டும், அதுவும் எங்கள் ஊரான தோணிரேவின் சமாசாரத்துக்கே! அங்கியைத் துவைத்துப் போட்டுவிட்டு, காய்ந்ததா என்று நாலு தடவை தொட்டுப் பார்த்தேன். "இன்னாய்யா, உனக்கு மறுபடியும் கண்ணாலமா?" என்று என் மனைவி சிரித்தாள்.

சமாசாரம் இதுதான். கப்பலில் வரும் சரக்கை முகத்துவாரம் வழியாகச் சிறு படகுகளில்தான் கோட்டைக்குக் கொண்டுவருவார்கள். அந்த வழியோரம் இறால் வலை கட்ட நாங்கள் நடும் குச்சிகளில் படகுகள் மாட்டிக்கொள்கின்றன என்று புகார் வந்திருந்தது. ஆகவே ஒவ்வொரு வலையிடத்துக்கும் சொந்தக்காரர் யார் என்று சபை எழுதிவைத்துக்கொள்ளும்; கப்பல் வரும் நாளில் குச்சியைப் பிடுங்குவது அவர் பொறுப்பு. மூன்று சபைக்குள் சொந்தக்காரர் வந்து பெயர் எழுதிக்கொள்ளாவிட்டால் அந்த இடத்தில் இனி யாரும் குச்சி நடக் கூடாது. கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் முகத்துவாரத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே ஓர் இடம். ஐம்பது வீட்டுக்கு மேல் அதை நம்பித்தான் உலை வைத்தோம்.

அந்த இடத்தை நாங்கள் பாடு என்போம். அது ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக்கு. வீட்டுக்கு ஒரு அடையாளம் உண்டு: கிளிஞ்சல், நண்டுக்கால், புளியங்கொட்டை, வலை முடிச்சு, இப்படி ஏதாவது. எல்லாவற்றையும் ஒரு பானையில் போட்டு, எது யாருடையது என்று தெரியாத வெளியூர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்வோம். எடுத்த வரிசைதான் பாட்டு வரிசை; அன்றைக்கு யார் பாடோ அவர் பாட்டுக்காரர். சுற்று முடிந்தால் மறுபடி பானை. நான் கோட்டையில் வேலை பார்த்தாலும் என் வீட்டுக்கும் முறை உண்டு. அது வரும் நாளில் எனக்கு வயிற்றுவலி என்று கோட்டைக்குச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

முதல் சபைக்கு, அன்றைய பாட்டுக்காரரை அழைத்துக்கொண்டு போனேன். பெரிய துரை நடு நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் இறகுப் பேனாவோடு எழுத்துத் துரை.

"அந்த இடம் உன்னுடையதா?" என்றார் எழுத்துத் துரை.

"என்னுதுதான்" என்றார் எங்கள் ஆள், கொஞ்சமும் தயங்காமல்.

"எப்போதிலிருந்து?"

"காத்தாலருந்து."

"எதுவரைக்கும்?"

"நாளைக்குப் பொழுது விடியிற வரைக்கும்."

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். எழுத்துத் துரை என்னைப் பார்த்த பார்வையில், பெரிய துபாஷியை எப்படியாவது கட்டிலோடு தூக்கிவரச் சொல்வாரோ என்று பயந்தேன். வியாழக்கிழமை இதே ஆளை ஒரு சாட்சியோடு கூட்டிவா என்று அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை அதே ஆள் வர மாட்டேன் என்றுவிட்டார். என் மனைவியின் அண்ணன்தான் அந்தப் பருவத்தில் ஊருக்குப் பெரியதனம். அவரிடம் ஓடினேன். மச்சான் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அவன் எப்படி மாப்ள வருவான்? அவன் பாடு திங்கட்கிழமையே முடிஞ்சிபோச்சி. இன்னிக்குப் பாட்டுக்காரன் இருக்கச் சொல்லோ, பாடு முடிஞ்சவன் போயி என்னுதுன்னு சொன்னா அது பொய்யி இல்லியா?"

"மச்சான், கோட்டையில அப்படி இல்ல..."

"அதெல்லாம் தெரியாது. பொய்யி பொய்யிதான்."

ஊரே அவர் பக்கம் நின்றது. எனக்கு வந்த கோபத்தில் வலையைப் பிய்த்திருப்பேன். வேறு வழியில்லாமல் புதிதாக ஒருவரைக் கூட்டிப்போனேன். "இந்த இடம் என்னுது" என்று அவரும் அழகாகச் சொன்னார். எழுத்துத் துரை பேனாவைக் கீழே வைத்தார். சபை கலைந்ததும் என்னை மட்டும் கூப்பிட்டு, களைத்துப்போன குரலில் பேசினார். உங்கள் ஆட்கள் என்னைக் கேலி செய்கிறார்கள். வருகிற திங்கட்கிழமைதான் கடைசி சபை. நீயும் அந்த ஊர்தானே, எங்கள் பாஷையும் தெரியும். உன் பெயரையே எழுதிக்கொள்கிறேன், விஷயம் முடிந்தது. ஊரிலிருந்து ஒரு சாட்சி மட்டும் வந்தால் போதும்.

ஊரில் வந்து சொன்னேன். நான் எதிர்பார்த்த சண்டை வரவேயில்லை. "உம்பேரையே போட்டுத் தொலை, பேஜாரு வுட்டுது" என்றார்கள். அவர்களுக்குப் பெயர் எழுதுவது என்றால் பானையிலிருந்து கிளிஞ்சல் எடுப்பது மாதிரி: இன்றைக்கு ஒரு பெயர், நாளைக்கு வேறு பெயர். கோட்டைக் காகிதத்தில் ஏறிய பெயர் இறங்காது என்பதும், எனக்குப் பிறகு என் மகனுக்கும் அவன் மகனுக்கும் அந்த இடம் போய்ச்சேரும் என்பதும் அந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் சொல்லவில்லை.

பயத்தில் சொல்லவில்லை என்று இப்போது எழுதிவிட்டால் வசதியாக இருக்கும். அது பயம் இல்லை. சந்தோஷம்! அந்த நாலு நாளும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நீர் வடியும்போது முகத்துவாரத்தில் இறால் எப்படிக் கொட்டும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அது தினமும், எனக்கே எனக்கு. படகுத்துறையில் நிற்க வேண்டாம், வசவு கேட்க வேண்டாம். வலையில் விழுந்ததில் மச்சானுக்குக்கூடக் கொஞ்சம் கொடுக்கலாம் என்று தாராளமாக யோசித்தேன். சாப்பாடு இறங்கவில்லை. மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, பெரிய துபாஷியின் காய்ச்சல் ஒட்டிக்கொண்டதா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை மச்சானே சாட்சியாக வந்தார். அன்றைய பாடும் அவருடையதுதான். வலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, துவைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மண்டபத்துத் தரையின் வழவழப்பைக் காலால் தேய்த்துப் பார்த்துச் சிரித்தார். எழுத்துத் துரை காகிதத்தை வாசித்தார். முகத்துவாரத்து இடம் இன்னாருக்கும் அவர் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும் சொந்தம். வாசித்து முடித்துவிட்டு, "சாட்சிக்கு அவர் பாஷையில் சொல்" என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. தமிழில் ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது: இன்னிக்கு எம்பேரை எழுதிக்கிறாங்களாம், மச்சான். அது பொய்கூட இல்லை. மண்டபத்தில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மச்சான் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னாலும் தலையாட்டத் தயாராக இருந்த முகம்.

சொன்னேன். "இந்தப் பாடு இனிமே எனக்கும் எம்புள்ளைங்களுக்கும் மட்டும்தானாம். எப்பவும்."

மச்சான் சிரித்தபடியே, "அப்போ நாளைக்கு யாருக்கு?" என்று கேட்டார்.

"நாளைக்கும் எனக்குத்தான். நாளன்னிக்கும்."

சிரிப்பு மெதுவாக அவர் முகத்திலிருந்து போனது. மேசையில் எனக்காக வைத்திருந்த பேனாவைத் தள்ளிவிட்டு, எழுத்துத் துரையை விட்டு நேராகப் பெரிய துரையிடம் திரும்பினேன். ஒரு துபாஷி தானாகப் பேசக் கூடாது. பேசினேன்.

"துரை, இந்தக் கோட்டைக்குச் சொந்தக்காரர் யார்? நீங்களா?"

எழுத்துத் துரை எழுந்துவிட்டார். பெரிய துரை கையமர்த்தினார்.

"உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். அவர் கப்பல் ஏறினார், நீங்கள் வந்தீர்கள். நீங்களும் ஒரு நாள் கப்பல் ஏறுவீர்கள். ஆனாலும் இன்றைக்கு உத்தரவு யார் கொடுப்பது என்பதில் எங்களுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. எங்கள் பாடும் அப்படித்தான். உங்களுக்குச் சில வருஷம், எங்களுக்கு ஒரு நாள். இதுவரை வந்தவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை."

பெரிய துரை தன் நாற்காலியின் கையை ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு, "கப்பல் வரும் நாளில் குச்சி நின்றால் நான் யாரைப் பிடிப்பது?" என்று கேட்டார். மச்சானுக்குச் சொன்னேன்.

"அன்னிக்குப் பாட்டுக்காரனைப் புடிங்க. அவன் இல்லேன்னா ஊர்ப் பெரியதனத்தைப் புடிங்க. நாங்க எங்க போயிடுவோம்?"

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பெரிய துரை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். முகத்துவாரத்து இடம் தோணிரேவு ஊருக்கு, யாருடைய நாளோ அவரே அன்றைக்குச் சொந்தக்காரர் என்று எழுதச் சொன்னார். எழுத்துத் துரை பேனா முனை உடையும்படி அழுத்தி எழுதினார். மச்சான் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு மீன் வரைந்தார். அதற்குக் கண்ணும் வைத்தார்.

துறைக்கு நாங்கள் நடக்கவில்லை, ஓடினோம். தோணியில் ஏறியதும் இரண்டு பேரும் பைத்தியம் பிடித்த மாதிரி கத்தினோம். எதிரே வந்த பசியாவரம் ஊர்த் தோணிக்காரர்கள் யாருக்குக் குழந்தை பிறந்தது என்று கேட்டார்கள். மச்சான் பாதி ஏரி தாண்டும்வரை, நான் துரையிடம் பேசியதை என் குரலிலேயே பேசிக் காட்டிக்கொண்டு தோணியைத் தள்ளினார். பிறகு கழியை நிறுத்தினார்.

"மாப்ள, அது எப்பவும் உனக்குத்தான்னு வியாழக்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ஆசையா இருந்துச்சு மச்சான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கழியை மறுபடி ஊன்றினார். கரை தெரிந்தது. ஆட்கள் தண்ணீருக்குள் இறங்கி நின்று கையை ஆட்டினார்கள்.

"ஊருக்கு நீ சொல்லுவியா?" என்று கேட்டேன்.

"நீதான துபாஷி. நீயே சொல்லு."

தோணி தரை தட்டுவதற்குள் என்னைத் தூக்கிவிட்டார்கள். இறக்கிவிடுங்கள் என்று கெஞ்சி இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபத்தில் நடந்ததை முதலிலும், நாலு நாள் நான் நினைத்திருந்ததைப் பிறகும். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். போன திங்கட்கிழமை முதல் சபைக்கு என்னோடு வந்தவர், "சரி, நாளைக்கு யாரு பாடு?" என்று கேட்டார்.

மச்சான் தோணியைக் கட்டிக்கொண்டே, "இவனுதுதான்" என்றார்.

என்றென்றைக்கும் என்ற நினைப்பில் நாளைக்கு என் முறை என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். "விடியச் சொல்லோ நீர் வடியும், ஜல்தியா வந்துடு" என்றார் அவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.