கீழே வராத கோப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில் சாரம் பகுதியில் எங்கள் தெரு குளமாகிக் கிடந்த வாரம் அது. சேதராப்பட்டு தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் என் மகளுக்கு, கருப்பைத் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. மாதாமாதம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோதெல்லாம், எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான் என்று பதினைந்து வருடம் சொன்னவள் நான். எடுத்த கட்டியை பயாப்சிக்கு அனுப்பினார்கள். அணுக்கள் சில இயல்பாக இல்லை என்று முடிவு வந்தது. புற்றுநோயா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல மூத்த நிபுணர் ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும், பத்து நாளாகும் என்றார் டாக்டர்.

அந்தப் பத்து நாளும் மகள் சரியாகத் தூங்கவில்லை. பதினோராம் நாள் காலை போன் செய்தேன். இன்னும் வரவில்லை என்றார்கள். அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் சும்மா இருப்பேனா? தாமதம் குறித்து மருத்துவமனை நிர்வாகத்துக்கு மனு எழுதினேன். பொருள், பார்வை, நகல் பெறுவோர், கையெழுத்துக்குக் கீழே என் பழைய பதவி எல்லாம் போட்டு, ஒரு குறை சொல்ல முடியாத மனு.

"வேணாம்மா, ரெண்டு நாள் பாக்கலாம்" என்றாள் மகள்.

கேட்கவில்லை. அன்றே நேரில் கொடுத்து, முத்திரை போட்ட ஒப்புகையும் வாங்கி வந்தேன்.

இரண்டு நாள் கழித்து இருவரும் பரிசோதனைக்கூடத்துக்குப் போனோம். அங்கிருந்த எழுத்தர், என் வயதில் பாதிகூட இருக்கமாட்டாள், பதிவேட்டைப் புரட்டினாள்.

"ரிப்போர்ட் வந்துடுச்சிம்மா. ஆனா நீங்க புகார் குடுத்துட்டீங்க இல்ல, எல்லாம் ஃபைலோட மேல போயிடுச்சி. அவங்க முடிச்சி அனுப்புனாதான் கீழ வரும்."

என்ன முடிவு என்றாவது சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"புகார்ல இருக்கறத நாங்க தொடக்கூடாதும்மா. ஆபீஸ்ல இருந்தவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். புகார் வந்தால் அசல் தாள்களைக் கோப்பில் கட்டி மேலே அனுப்பு, முடியும்வரை யாருக்கும் காட்டாதே என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்று கெஞ்சியவர்களில் ஒரு முகம்கூட நினைவில்லை.

கோப்பு கீழே வர ஒன்பது நாள் ஆயிற்று. மகள் என்னோடு பேசவில்லை. ஒருநாள் படுக்கையை உதறும்போது அவள் தலையணைக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. காப்பீடு, கேஸ் இணைப்பு, ஸ்கூட்டர், எதை யார் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று வரிசையாக எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தாள். நான் பழக்கியபடி.

புற்றுநோய் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்றது அறிக்கை. நிபுணர் கையெழுத்திட்ட தேதியைப் பார்த்தேன். நான் மனு கொடுத்த அதே நாள். மகளும் பார்த்தாள். அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து என் மனுவுக்குப் பதில் பதிவுத் தபாலில் வந்தது. தாமதம் ஏதும் நிகழவில்லையாம். நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். இப்போது மகள் பரிசோதனைக்குப் போகும் தேதியை எனக்குச் சொல்வதில்லை. முடிவு கைக்கு வந்த பிறகே தெரிவிக்கிறாள், என்னைப் பொறுத்தவரை அதுதான் சரியான நடைமுறை என்று எனக்கே தெரிகிறது.