கிளாக்கர் காரைப் பாட வைத்தது யார்?

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கந்தப்பளையில் சொந்தக் கடை போட்டேன், கோயிலுக்கு ஒலிபெருக்கி கட்டினேன், மழையில் நனைந்து செத்த வானொலிகளைப் பேச வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கரின் காரைப் பாட வைத்தேன்.

ஜப்பானில் இருந்து வந்த அந்தக் காரின் ஸ்பீக்கர்கள் கொசு மாதிரி கீச்சிட்டன. கழற்றி எறிந்துவிட்டு, பின்சீட்டுக்குப் பின்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை வைத்தேன். அவற்றுக்குப் பெட்டி அடிக்கத் தேயிலைப் பெட்டிப் பலகை கொடுத்தவர் கிளாக்கரே. தோட்டத்து முத்திரையை உள்பக்கம் திருப்பி அடிக்கச் சொன்னார். எனக்கு அது வெளியே இருந்தால்தான் அழகாகப் பட்டது.

ஒரு காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், தோட்டத்தை நடத்தும் துரை அந்தக் காரின் பாட்டைக் கேட்டு மயங்கிப் போனார்.

"யாரு செஞ்சது?"

"நாந்தாங்க சார்" என்றார் கிளாக்கர், பக்கத்தில் நான் நிற்கும்போதே.

துரை காருக்குள் எட்டிப் பார்த்தார். முத்திரை பளிச்சென்று தெரிந்தது. ஃபெக்டரியில் பெட்டிகள் காணாமல் போவதை விசாரித்துக்கொண்டிருந்ததே கிளாக்கர்தான்.

"இல்லீங்க சார், இந்தா நிக்கிறானே, இவன் செஞ்சது!"

"ஆமாங்க சார். பலகை மட்டும் ஐயா குடுத்தாங்க" என்றேன்.

துரை விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்றைக்கும் கல்யாண வீடுகளில் கிளாக்கர் அதைத் தன் கைவேலை என்கிறாராம். ஐயா, பலகை உங்களுடையது, சத்தம் என்னுடையது. நாலு பேர் முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள்.